‘வீட்டில் கலந்துவிட்டுச் சொல்றேன்’ என்று கிளம்புகிறவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் ஓர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் எட்டு மாதமாக விற்பனையைப் பார்க்கிறேன். தினமும் ஆள் வருகிறது. எல்லா டிசைனையும் காட்டுகிறேன், விலையைக் குறைத்தும் சொல்கிறேன். ‘வீட்டில் கலந்துவிட்டுச் சொல்றேன்’ என்று போகிறவர்கள் திரும்பி வருவதே இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: காட்டுகிறேன், சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. கோளாறு அங்கேதான்.

வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதலில் வீட்டைப் பற்றிப் பேசுங்கள். புது வீடா, பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்களா? கூடமா, பூஜை அறையா? எத்தனை சதுர அடி? கிரகப்பிரவேசம் எப்போது? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஆத்தங்குடி டைல்ஸ் என்பது கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்கிற கல். கேட்ட மறுநாளே லாரியில் ஏற்ற முடியாது. தேதி தெரிந்தால்தான் ‘ஆர்டர் எப்போது தர வேண்டும்’ என்பதை அவரே கணக்குப் போடுவார், நீங்கள் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

அப்புறம் காட்டுங்கள், ஆனால் மூன்று டிசைனுக்கு மேல் வேண்டாம். ஒற்றைக் கல்லைக் கையில் கொடுத்தால் பாதிப் பூதான் தெரியும். பல டிசைன்களில் நான்கு கல் சேர்ந்தால்தான் பூ முழுதாகும். நான்கையும் தரையில் சேர்த்து வைத்து, ‘ஆச்சி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள்’ என்று சொல்லுங்கள். கண்ணாடி மேல் சாயம் ஊற்றி வார்ப்பதால் வரும் அந்த வழவழப்பைக் கால் உணரட்டும். அந்த நேரத்தில் பேசாதீர்கள்.

குறையையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறும். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. பதிக்கப் பழகிய கொத்தனார் வேண்டும். இதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்கிறவர் ஊர் முழுக்கச் சொல்வார்.

விலைக்கு வருவோம். சதுர அடி விலையை மட்டும் சொன்னால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும். மொத்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். 500 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 720 வேண்டும். உடைசலுக்கும் வெட்டுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 756. லாரி வாடகை, இறக்குக் கூலி, பதிக்கும் கூலி எல்லாம் அதே தாளில் வரட்டும். ‘கட்டுபடியாகலையே அண்ணே’ என்றால் உடனே விலையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய் என்றாகிவிடும். கூடத்துக்கு மட்டும் பூ போட்ட கல், அறைகளுக்குப் பூ இல்லாத கல் என்று வேலையை மாற்றிக் கொடுங்கள்.

சரி, அப்படியும் ‘கலந்துவிட்டுச் சொல்றேன்’ என்றால்? ‘யாரிடம் கலக்கணும், அவங்க என்ன கேட்பாங்க?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் இன்ஜினியர். அந்த நான்கு கல் படத்தையும் கணக்குத் தாளையும் அவர் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடட்டுமா?’ என்று நாளையும் அவர் வாயாலேயே வாங்கி, அவர் கண் முன்னால் நோட்டில் குறியுங்கள். வெள்ளிக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள்.