கடிக்கிற கொசுவையே ஏன் விடுகிறார்கள்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். டிங்கியைத் தடுக்க எங்கள் புளோக்கில் வொல்பாக்கியா கொசுக்களை விடப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பெண் கொசுக்களும் உண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையோ, அங்கே கடிக்காத ஆண் கொசுவை மட்டும்தான் விடுகிறார்கள் என்கிறாள். இங்கே ஏன் இப்படி? வீட்டில் ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிறான். கொசு மருந்து அடிக்கலாமா, கூடாதா?

பதில்: உங்கள் தங்கை சொல்வதும் சரி, அறிவிப்பில் இருப்பதும் சரி. வொல்பாக்கியா என்ற பாக்டீரியா ஒன்றுதான், அதைப் பயன்படுத்தும் வழி இரண்டு.

வொல்பாக்கியா கொண்ட ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. சிங்கப்பூரில் நடப்பது இதுதான். கொசுக் கூட்டமே குறையும். ஆனால் ஆண் கொசுக்களை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கூட்டம் திரும்பிவிடும். பெண் கொசுவிடம் வொல்பாக்கியா இருந்தால் கதை வேறு. எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், குஞ்சுகளுக்கும் அது தாய்வழியே போய்ச் சேரும். தலைமுறைக்குத் தலைமுறை வொல்பாக்கியா உள்ளவையே பெருகி, பழைய கூட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மலேசியா எடுத்திருப்பது இந்த வழி. பெண் கொசு இல்லாமல் இது நடக்காது.

ஆகவே உங்கள் புளோக்கில் கொசு குறையாது. டிங்கியைச் சுமக்கும் திறன்தான் குறையும். ‘விட்ட பிறகும் கடிக்கிறதே’ என்று பலர் சலித்துக்கொள்வது இது தெரியாததால்தான்.

திறன் எப்படிக் குறைகிறது? நோயாளியின் இரத்தத்தோடு போகும் வைரஸ், கொசுவின் குடல் உயிரணுக்களில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகுதான் அந்தக் கொசுவால் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியும். வொல்பாக்கியா அதே உயிரணுக்களுக்குள் முன்பே குடியேறியிருக்கிறது. வைரஸ் பெருகத் தேவையான கொலஸ்ட்ரால் முதலிய கொழுப்புகளை அதுவும் இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே ஒரு குடும்பம் சமைக்கும் அடுப்படியில், பிந்தி வந்தவனுக்கு எண்ணெய் மிஞ்சாத நிலைமை. கொசுவின் எதிர்ப்புச் சக்தியையும் அது விழிப்பாக வைக்கிறது. சீக்கா, சிக்குன்குன்யா வைரஸ்களும் இப்படியே தடுக்கப்படுகின்றன.

வொல்பாக்கியா ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதல்ல. 1924-இல் அமெரிக்காவில் வீட்டுக் கொசுவில் கண்டார்கள். பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் இருக்கிறது. டிங்கியைப் பரப்பும் முதல் எதிரியான ஏடிஸ் எஜிப்டியில் இயற்கையாக இல்லாமல் போனதுதான் நம் கெட்ட நேரம். அதன் சொந்தக்காரனான ஏடிஸ் அல்போபிக்டஸில் உண்டு. மலேசியாவில் பயன்படுத்தும் ‘டபிள்யூ அல்ப் பி’ வகை அங்கிருந்து வந்ததே. அல்போபிக்டஸும் டிங்கியைப் பரப்புகிறதே என்று கேட்பீர்கள். பழகிய உடம்பில் இந்தப் பாக்டீரியா அடங்கிக் கிடக்கிறது, புது உடம்பில்தான் வேகமாகப் பெருகுகிறது. இந்த வகையைத் தேர்ந்தெடுக்க நம் வெயிலும் ஒரு காரணம். வேறு சில வகைகள் சூடேறிய தண்ணீரில் வளரும் புழுக்களில் வெகுவாகக் குறைந்துவிடும், இது தாக்குப்பிடிக்கிறது.

2017 முதல் ஷா ஆலாம், கெராமாட் முதலிய இடங்களில் விட்டுப் பார்த்ததில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. இந்தோனேசியாவின் ஜொக்ஜாகர்த்தாவில் வேறு வகையைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில் 77 விழுக்காடு குறைந்தது. நல்ல பலன்தான். ஆனாலும் எங்கும் டிங்கி அறவே ஒழிந்துவிடவில்லை.

பேரனைப் பற்றி: வொல்பாக்கியா மனித உடம்பில் வாழாது. அது உள்ள வீட்டுக் கொசுவும் அல்போபிக்டஸும் காலங்காலமாக நம்மைக் கடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கடி கடிதான், அரிக்கும். ஏடிஸ் பகலில் கடிப்பதால் பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை போடுங்கள்.

வீட்டுக்குள் தாராளமாக மருந்து அடியுங்கள், கையால் அடித்தும் கொல்லுங்கள். எது ‘நல்ல’ கொசு என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குடியிருப்பு நிர்வாகம் தனியாரை வைத்துப் புகையடிக்க நினைத்தால் மட்டும், முதலில் சுகாதார அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். விட்ட கொசுக்களும் அதில் சாகும். அதிகாரிகள் வொல்பாக்கியா கொசு முட்டை வாளி எதையாவது வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். மற்றபடி பூச்சட்டித் தட்டு, ஏர்கோன் தண்ணீர் பிடிக்கும் வாளி என்று தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால் கொட்டினால் மட்டும் போதாது.

யாருக்காவது காய்ச்சல் வந்தால், ‘நம்மிடம்தான் வொல்பாக்கியா இருக்கிறதே’ என்று காத்திருக்க வேண்டாம். முதல் சில நாட்களிலேயே கிளினிக்கில் டிங்கியைக் கண்டறியும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்ந்து கிடப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.