கட்டை மேல் கட்டை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உராய்வே இல்லாத தரையில் 3 கிலோ கட்டை, அதன் மேல் 2 கிலோ கட்டை. இரண்டுக்கும் நடுவே ஓய்வுநிலை (வழுக்காதவரை) உராய்வுக் குணகம் 0.4, இயக்க (வழுக்கும்போது) உராய்வுக் குணகம் 0.3. கீழ்க்கட்டையை 15 நியூட்டன் விசையால் இழுத்தால் மேற்கட்டையின் முடுக்கம் 4, கீழ்க்கட்டையினுடையது 2.33 மீ/வி² என்று வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றே எடுத்தேன். சரிதானா?

பதில்: விடையே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள். இழுபடும் கட்டையை முந்திக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும் கட்டை ஓடுகிறது! உராய்வு என்றதும் குணகத்தை மேற்கட்டையின் எடையால் (2 × 10 = 20 நியூட்டன்) பெருக்கி, 0.4 × 20 = 8 நியூட்டன் என்று போட்டுவிட்டீர்கள். அது உச்சவரம்பு. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கு மேல் எழாது.

முதலில் இரண்டும் சேர்ந்தே நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: 15 ÷ 5 = 3 மீ/வி². மேற்கட்டையை முன்னே கொண்டுபோக உராய்வை விட்டால் வேறு விசை இல்லை; வேண்டியது 2 × 3 = 6 நியூட்டன். 8-க்குள் அடங்கிவிட்டது, ஆகவே வழுக்காது. (மேற்கட்டை மீதான உராய்வு முன்னோக்கித்தான் செயல்படும். 'உராய்வு எப்போதும் பின்னோக்கி' என்று மனப்பாடம் செய்தவர்கள் குறியைத் தவறவிடுவது இங்கேதான்.)

மேற்கட்டை அதிகபட்சம் 8 ÷ 2 = 4 மீ/வி² வரை கூடவே வரும். அதனால் 5 × 4 = 20 நியூட்டன்தான் எல்லை. 30 நியூட்டனால் இழுத்தால் வழுக்கும், அப்போதுதான் 0.3-க்கு வேலை. உராய்வு 6 நியூட்டன், மேற்கட்டை 3, கீழ்க்கட்டை (30 − 6) ÷ 3 = 8 மீ/வி².

கேள்வி: மேற்கட்டையை இழுத்தாலும் எல்லை 20 தானே?

பதில்: இல்லை, 13.3 நியூட்டன். இப்போது உராய்வை நம்பியிருப்பது 3 கிலோ கட்டை. 8 நியூட்டனைக் கொண்டு அதற்கு 8 ÷ 3 = 2.67 மீ/வி²-க்கு மேல் கொடுக்க முடியாது. அதை மொத்த நிறை 5-ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: தரையிலும் உராய்வு இருந்தால்?

பதில்: தரை தாங்குவது இரண்டு கட்டைகளின் எடையையும், அதாவது 50 நியூட்டன். பலர் 30 போட்டுக் கோட்டைவிடுகிறார்கள். தரையின் குணகம் 0.1 என்றால் தரை உராய்வு 5 நியூட்டன். கீழ்க்கட்டையை இழுக்கும்போது எல்லை 20-லிருந்து 25-ஆக ஏறும். மேற்கட்டையை இழுத்தாலோ கீழ்க்கட்டைக்கு மிஞ்சுவது 8 − 5 = 3 நியூட்டன், முடுக்கம் 1 மீ/வி²; எல்லை 5 × 1 + 5 = 10 நியூட்டனாக இறங்கிவிடும். தரையின் ஓய்வுநிலைக் குணகம் 0.16-ஐத் தொட்டால் (0.16 × 50 = 8 நியூட்டன்), மேற்கட்டையை எவ்வளவு பலமாக இழுத்தாலும் கீழ்க்கட்டை இருந்த இடத்திலேயே கிடக்கும்.