செவிலியர் பயிற்சி வகுப்பைப் பதிவு செய்ய சிசிடிவி வாங்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே 40 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும், பக்கத்துக் கல்லூரியிலிருந்து வரும் மாணவியருக்கும் மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் பயிற்சி நடத்துகிறோம். கற்றுக்கொடுத்தது வார்டில் நடைமுறைக்கு வருவதில்லை. வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. நாகர்கோவிலைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் நான்கு டோம் கேமரா, எட்டு சேனல் டிவிஆர் (பதிவுக் கருவி), 2 டிபி ஹார்டு டிஸ்க், ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கொட்டேஷன் கொடுத்துள்ளார். தர அங்கீகாரத்துக்கு இது கட்டாயம் என்றும் கூறுகிறார். வாங்கலாமா? செவிலியர்களிடம் சம்மதம் பெற வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். சம்மதம் கட்டாயம் பெறுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் ‘கட்டாயம்’. என்ஏபிஎச் (மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) போன்றவற்றின் அங்கீகாரத்துக்காக ஆய்வுக்கு வருபவர்கள் பயிற்சி நடந்ததற்கான பதிவேட்டையும், அது பயன் தந்ததா என்று நீங்கள் செய்த மதிப்பீட்டையும்தான் பார்க்கிறார்கள். வகுப்பறையில் கேமரா இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கட்டாயம் என்பவரிடம் எந்த விதி, எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். மறுநாளிலிருந்து அந்தப் பேச்சு நின்றுவிடும். வியாபாரியை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. ஆய்வுக்கு முந்தின வாரம் ஆறு மாதத்துக்கான வருகைக் கையெழுத்தை ஒரே பேனாவில் வாங்கிவைக்கும் வழக்கம் இருக்கும்வரை, இப்படிப்பட்ட சாமான்களுக்கும் சந்தை இருந்துகொண்டுதான் இருக்கும்.

சிசிடிவி திருட்டைப் பார்க்கச் செய்யப்பட்டது. கூரை மூலையிலிருந்து அகலமாகப் பார்க்கும் அந்தக் கேமராவில் பன்னிரண்டு பேரின் உச்சந்தலை தெரியும், கேனுலா (இரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) பிடித்த விரல்கள் தெரியாது. ஒலி பெரும்பாலும் பதிவாகாது. பதிவானாலும் மின்விசிறி இரைச்சல்தான் மிஞ்சும். ஷீட் கூரையின் மேல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை விழும் நாளில் அதுவும் மிஞ்சாது. பயிற்சியைச் சீர்செய்ய உங்களுக்கு வேண்டியவை ஆசிரியரின் குரலும் கைகளும். இந்த அமைப்பு பிடிக்காமல் விடுவதும் அவ்விரண்டையும்தான்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. பொருத்திக் கொடுப்பவர் தம் கைபேசி எண்ணிலேயே செயலியின் கணக்கைத் தொடங்கி, டிவிஆரின் தலைமைப் பாஸ்வேர்டையும் தம்மிடமே வைத்துக்கொள்வார். பராமரிப்பு ஒப்பந்தத்தை நீங்கள் புதுப்பிக்காத அன்று, உங்கள் பதிவை எடுக்க அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அதுவரை உங்கள் செவிலியர்களை அவர் தம் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கவும் வழி உண்டு. வாசலுக்கோ மருந்தகத்துக்கோ கேமரா வாங்கும்போதும் கணக்கும் பாஸ்வேர்டும் மருத்துவமனையின் பெயரில் வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். பேச்சைத் தானே எழுத்தாக்கித் தரும் மென்பொருள் என்று கூடுதலாகத் தொகை கேட்டால், உங்கள் விளவங்கோட்டு வட்டாரப் பேச்சை ஐந்து நிமிடம் அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தேவையானது நல்ல கேமரா உள்ள ஒரு கைபேசி, ஒரு ட்ரைபாட், ஆசிரியர் உடையில் குத்திக்கொள்ளும் ஒரு காலர் மைக். கைபேசி மருத்துவமனையின் சொத்தாக இருக்கட்டும். அதில் வாட்ஸ்அப் இருக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, செய்முறை மேசைக்குப் பக்கவாட்டில் அதை நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரத்தையும் பதிவு செய்யாமல், செய்முறை நடக்கும் பத்து நிமிடத்தை மட்டும் எடுங்கள். பத்து நிமிட முழு எச்டி பதிவு ஏறக்குறைய ஒரு ஜிபி வரும். இதற்கு எதற்கு 2 டிபி?

இனிப் பார்க்கும் விதம். கற்பிப்பவர் தம் வகுப்பின் சிறு பகுதியைப் பதிவில் பார்த்துத் திருத்திக்கொண்டு மீண்டும் நடத்தும் முறை 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; நம் பி.எட். கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று சொல்வது இதைத்தான். அங்கே திருத்தப்படுபவர் ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் செவிலியர்களின் குறையைக் கண்டுபிடிக்கும் நோக்கமே தெரிகிறது. நான் முதலில் சந்தேகப்படுவது செய்துகாட்டுபவரின் கைகளை.

கை கழுவுதலையே எடுத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் கொண்டு தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பயிற்சி தருபவர் இந்த எண்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டே பத்து விநாடியில் தேய்த்து முடித்துவிடுவார். கட்டைவிரலையும் விரல் நுனிகளையும் தொட்டிருக்கவே மாட்டார். வகுப்பில் இது யார் கண்ணிலும் படாது. ஒலியை நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை மட்டும் ஓட்டினால் உடனே தெரியும். புதிய செவிலியர் வார்டில் செய்வது காதால் கேட்ட முப்பது விநாடியை அன்று, கண்ணால் பார்த்த பத்து விநாடியை.

அடுத்து, படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்ட மறுகணமே “சரி சிஸ்டர்” என்று எல்லாரும் ஒன்றாகச் சொல்வது விடையாகாது. ஒரு கேள்விக்குப் பின் மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளும், வாய் திறக்காதவர்களும் பேசுவார்கள் என்பது கற்பித்தல் ஆய்வுகளில் நெடுநாளாகத் தெரிந்தது. பதிவை இரண்டு நாளுக்குள், பயிற்சி தந்தவருடன் தனியாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும். நிர்வாகி அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை.

சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்: எதற்காகப் பதிவு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும், சம்பள உயர்வுக்கோ தண்டனைக்கோ பயன்படாது என்னும் நான்கும் அதில் இருக்கட்டும். நோயாளி எவரும் படத்தில் வரக் கூடாது. பயிற்சிக்கென்று உள்ள செயற்கைக் கையில் செய்முறை நடக்கட்டும்.

ஆனால் கல்லூரியிலிருந்து வரும் மாணவியர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏஎன்எம், ஜிஎன்எம் என்னும் செவிலியர் படிப்புகளில் 17 வயதிலேயே சேரலாம். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது; அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு அதன் விதிகளில் சில விலக்குகள் உண்டு. உங்கள் மருத்துவமனை கல்வி நிறுவனம் அன்று, அவர்களை அனுப்பும் கல்லூரிதான் கல்வி நிறுவனம். ஆகவே அந்த விலக்கின் நிழலில் நீங்கள் நிற்கக் கூடாது. சேர்க்கையின்போது கல்லூரி வாங்கிய பொதுவான கையெழுத்தும் உங்கள் கேமராவுக்குச் செல்லாது. மாணவியின் பிறந்த தேதியைப் பாருங்கள். 18 ஆகவில்லை என்றால் பெற்றோரிடம் தனிக் கடிதம் பெறுங்கள், அல்லது அவரை ட்ரைபாடுக்குப் பின்பக்கம் உட்கார வையுங்கள். இரண்டாவது எளிது. இந்தச் சட்டத்துக்கு விதிகள் எழுத இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு, 2025 நவம்பரில் வெளியிட்டு, முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அரசின் இந்த வேகத்தைப் பார்த்து நீங்களும் காத்திருக்க வேண்டாம். படிவத்தை இப்போதே அச்சடித்துவிடுங்கள்.

பதிவுகளை 30 நாளில் அழித்துவிடுங்கள். அழித்த தேதியைப் பயிற்சிப் பதிவேட்டிலேயே, அந்த வகுப்பின் வரிக்கு நேராக எழுதிக் கையெழுத்திடுங்கள்.