வீட்டுக்கு வரும் தீர்மானப் புத்தகம்

அன்புள்ள ஐயா,

நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் பல வருடங்களாக ஒரு மாலைநேரப் படிப்பகம் நடக்கிறது. சங்கமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரே மதிக்கும் மனிதர். அவர் கேட்டதால் சென்ற வருடம் பொருளாளராகச் சேர்ந்தேன். இதுவரை செயற்குழு ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியதில்லை. மாதக் கடைசியில் ஒரு பையன் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வருவான். "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும், கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். போன மாதம் தொகை எழுதாத செக்குகளில் கையெழுத்துக் கேட்டார்கள். தயங்கினேன், போடவில்லை. "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று செயலாளர் கேட்டுவிட்டார். படிப்பகம் இருப்பது ஆசிரியரின் தம்பி கட்டடத்தில். வாடகை எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால் பெரியவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும். ஒரு நல்ல காரியம் நின்றுபோக நான் காரணமாகக் கூடாது. விலகிவிடவா, பேசாமல் இருந்துவிடவா?

(பெயரும் ஊரும் வேண்டாம்.)

---

அன்புள்ள நண்பருக்கு,

செக்கில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினீர்களே, அது சரியான காரியம். இனியும் போடாதீர்கள். வங்கியில் இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தீர்மானப் புத்தகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் இருக்கும் உங்கள் கையெழுத்துக்கு என்ன பொருள்? இன்ன தேதியில் இன்ன இடத்தில் கூட்டம் நடந்தது, நான் இருந்தேன், கணக்கைப் பார்த்தேன், ஒப்புக்கொண்டேன். நாளைக்கு ஆடிட்டரோ மாவட்டப் பதிவாளரோ கேட்டால் "பையன் கொண்டு வந்தான், போட்டேன்" என்று சொல்ல முடியாது. நடக்காத கூட்டத்துக்கு நீங்கள் சாட்சியாகியிருக்கிறீர்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்கிறது. ஒரு செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, அதே ஆட்கள் மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவின் முன் வைத்துப் பதிவாளரிடமும் கொடுக்க வேண்டும். கூட்டம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை பேர் இருந்தால் செல்லும் என்பதெல்லாம் உங்கள் சங்கத்தின் பைலாவில், அதாவது விதிமுறைகளில் இருக்கும். அதன் நகல் ஒன்றை வாங்கிப் படியுங்கள். வருடக்கணக்காகக் குழுவில் இருந்தும் பைலாவைக் கண்ணால் பார்க்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாடகை விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் கட்டடத்தில் நடப்பது தவறே இல்லை. ஊர் நிலவரத்தைவிடக் குறைந்த வாடகைக்கே கொடுத்திருக்கலாம். அப்படியானால் அதை எழுதி வைப்பதில் என்ன சிரமம்? சங்கத்துக்கு வருமான வரி விலக்கு வாங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம். தொடங்கியவருக்கோ அவருடைய உறவினருக்கோ நியாயத்துக்கு மேல் பணம் போனால் அந்த விலக்குக்கே ஆபத்து. பெரியவர் எழுந்து வெளியே போயிருக்கும்போது மற்ற உறுப்பினர்கள் வாடகையைப் பேசி முடிவு செய்து, ஒப்பந்தம் போட்டு, பணத்தைச் செக்காகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நீங்கள் கேட்கும் கேள்வி அவருடைய பெயரைக் காப்பாற்றும் கேள்வி. அவரிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவருக்கு வயதாகிறது. அவருக்குப் பின் என்ன ஆகும்? பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். சொத்து இருந்தது, தர்மம் செய்யும் எண்ணமும் உயிலில் தெளிவாக இருந்தது. ஆனால் நிறைவேற்ற வேண்டியவர்களும் வாரிசுகளும் வழக்காடியதில் பணம் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முயன்று, நீதிமன்றத்தின் வழியாக ஓர் ஏற்பாடு வந்த பிறகுதான் 1842-இல் சென்னையில் பள்ளி திறந்தது. நடுவில் 48 ஆண்டு. நம் காலத்திலும் அந்த அறக்கட்டளையின் நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய், உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை நிர்வாகியாக அமர்த்த வேண்டி வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய அறக்கட்டளைக்கே இந்த நிலை என்றால், ஒரே மனிதரின் நல்ல பெயரில் நடக்கும் உங்கள் படிப்பகம் எம்மாத்திரம்?

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட குறை வேறொன்று. செயலாளர், பெரியவர், தம்பி, நீங்கள் எல்லாரும் வருகிறீர்கள். படிக்கிற பிள்ளைகளின் வீட்டார் யாருமே இல்லை. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைப் பிடி அரிசி கொடுத்து வளர்த்தார்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அரிசி கொடுத்த வீட்டுப் பிள்ளைகளே அங்கே படித்ததால், பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்கிற உரிமை அந்த வீடுகளுக்குத் தானாகவே இருந்தது. இன்று அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் சங்கத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டு அம்மாக்களை உறுப்பினராக்கிச் செயற்குழுவுக்கும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இதே போன்ற ஒரு குழுவில் கொஞ்சகாலம் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிக்க வராமல் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் ஏழு ஆண்கள் உட்கார்ந்து, படிப்பில் ஆர்வம் குறைகிறது, கைப்பேசி கெடுக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினோம். ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம் என்று தீர்மானமும் எழுதினோம். பெற்றோர் கூட்டத்தில் பூக்கட்டும் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "எட்டு இருபதுக்குக் கடைசி பஸ்ஸு. நீங்க எட்டரைக்கு விடுறீங்க. பொம்பளப் புள்ள எப்படிங்க வரும்?" அடுத்த நாளே வகுப்பை அரை மணி முன்னால் தொடங்கி எட்டு மணிக்கு முடித்தோம். நின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் செயற்குழுவின் வேலைதான். இருட்டிய பிறகு நடக்கும் படிப்பகத்தில் அதுவே முதல் வேலை. கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? கடைசிப் பிள்ளை போகும்வரை யார் இருக்கிறார்? சொல்லித் தர வருகிற புதிய ஆளைப் பற்றி யார் விசாரித்தார்கள்? ஒரு குழந்தை ஏதாவது சொன்னால் யாரிடம் சொல்லும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றம் தெரிந்தும் நிறுவனப் பொறுப்பாளர் புகார் கொடுக்காவிட்டால் ஓராண்டுவரை சிறை உண்டு. 'பெயர் கெட்டுவிடும்' என்று பேசி மூடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. குழு என்று ஒன்று கூடவே இல்லை என்றால் இதையெல்லாம் யார் கேட்பது?

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. விலகவும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம். செயலாளரை விட்டுவிட்டு நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் பேசுங்கள். "சார், நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் வந்தேன், வேலையை ஒழுங்கா செய்ய விடுங்க" என்று ஆரம்பியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடச் சொல்லுங்கள், அறிவிப்பு எழுத்தில் எல்லாருக்கும் போகட்டும். பாஸ்புக், வவுச்சர் கோப்பு, வாடகை, வகுப்பு முடியும் நேரம், அம்மாக்கள் இருவரைச் சேர்ப்பது, இவ்வளவு போதும் முதல் கூட்டத்துக்கு. இதுவரை போட்ட கையெழுத்துகளைப் பற்றியும் அங்கேயே சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தவர், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேதி போட்டு விலகல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், நிர்வாகிகள் மாறினால் மூன்று மாதத்துக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் தெரிவித்தார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள், வங்கியிலும் உங்கள் மாதிரிக் கையெழுத்தை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்.