உங்கள் கணக்கில் வந்தது யார் பணம்?

கேள்வி: கைக்குழந்தை இருப்பதால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தேடினேன். டெலிகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஓட்டல்களுக்கு ரேட்டிங் போடும் வேலையில் சேர்ந்தேன். முதலில் சிறுசிறு தொகை வந்தது. பிறகு 'டாஸ்க்' முடிக்க நான் கட்டிய 62,000 ரூபாய் திரும்பவில்லை. இடையில் அவர்கள் சொன்னபடி என் கணக்கில் வந்த பணத்தை வேறு யுபிஐ ஐடிகளுக்கு அனுப்பினேன், கமிஷன் தந்தார்கள். இப்போது வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். கணவர் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. என் பணம் கிடைக்குமா? நம்பகமான வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீண்ட கடிதத்தில் வழக்கு என்பது ஒரே வரிதான்: வந்த பணத்தை வேறு ஐடிகளுக்கு அனுப்பினீர்கள், கமிஷன் வாங்கினீர்கள். 62,000-ஐப் பொறுத்தவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். இந்த வரியைப் பொறுத்தவரை, உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவர் கொடுத்த புகாரில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகலாம். குடும்பச் சண்டையை ஒதுக்கி வையுங்கள்.

62,000-க்கு சைபர் மோசடி உதவி எண் 1930-ல் புகார் பதிவு செய்யுங்கள். பணம் கைமாறிப் போயிருக்கும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நீங்களும் ஏமாந்தவர் என்பதற்கு அந்தப் புகார்தான் முதல் ஆவணம்.

இனி முக்கியமான விஷயம். பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 317-ன்படி ஏமாற்றிப் பறித்த பணமும் திருட்டுச் சொத்துதான். அப்படிப்பட்டது என்று தெரிந்தோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தோ நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்குவது குற்றம், வைத்துக்கொள்வதும் குற்றம். அனுப்பும்போது தெரியாது என்று சொல்வீர்கள், நம்பவும் செய்வார்கள். கணக்கு முடங்கிய பிறகும் கமிஷனைக் கையில் வைத்திருந்தால் அந்த வாதம் நிற்காது.

என்னிடம் வருகிறவர்கள் கெட்டுப்போவது இதற்குப் பிறகு செய்யும் வேலைகளால்தான். பயத்தில் டெலிகிராம் உரையாடலை அழித்துவிடுவார்கள். அதில்தான் 'இது கம்பெனி பணம், இந்த ஐடிக்குப் போடு' என்ற உத்தரவு இருக்கும். அவர்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அது. இன்னும் சிலர் 'முடக்கத்தை நீக்கித் தருகிறோம்' என்று வரும் ஏஜென்ட்டுக்கு மறுபடியும் பணம் கட்டுவார்கள். வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து, விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி வரும் நோட்டீஸை (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35(3)) 'அவ்வளவு தூரம் யார் போவது' என்று கிடப்பில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நோட்டீஸை மதித்து நடப்பவரை, காரணம் எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. மதிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வாட்ஸ்அப்பில் வந்தால் மட்டும் உஷார்: அந்த வழியில் இந்த நோட்டீஸைக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. அனுப்பியவர் தரும் எண்ணை நம்பாமல், நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி விசாரியுங்கள்.

முழுக் கணக்கையும் முடக்கியிருந்தால் அதை எதிர்க்க வழி உண்டு. தொகையும் காலமும் குறிப்பிடாமல் மொத்தக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் கூறியது. எந்தப் புகார், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது அதற்குப் பிறகு.

என் யோசனை சமரசம்தான். உங்கள் வழியாகப் போன தொகை சிறியது என்றால் புகார்தாரருக்குத் திருப்பிக் கொடுத்து முடியுங்கள். மோசடிக் குற்றத்தை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம். வெளி மாநில நீதிமன்றத்துக்கு வருடக்கணக்கில் அலையும் செலவு, பெரும்பாலும் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். 'நானே ஏமாந்தவள், நான் ஏன் கொடுக்க வேண்டும்' என்பது நியாயமான கேள்வி, ஆனால் வழக்கை முடித்துத் தராது. ஒன்று: காவல் நிலைய வாசலில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ நீதிமன்றத்தில் கட்டியோ கொடுங்கள், ரசீதோடு.

வேலை பற்றிக் கேட்டீர்கள். நிறுவனத்தின் பெயர் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இருந்தால் மட்டும் போதாது. உண்மையான கம்பெனிகளின் பெயரைத்தான் இவர்கள் திருடுகிறார்கள். அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதி, இந்த வேலை அவர்களுடையதா என்று கேளுங்கள். சேருவதற்கு முன் பணம் கேட்டாலோ, உங்கள் சம்பளம் தவிர வேறு பணத்தை உங்கள் கணக்கு வழியே விடச் சொன்னாலோ அங்கேயே நிறுத்துங்கள். நல்ல வேலை கிடைத்தாலும் சம்பளத்தை இந்தக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள். முடக்கம் நீங்கும்வரை உள்ளே போகும் பணம் வெளியே வராது.