3 கி.மீ. வலையில் மழை பூஜ்யமா?

டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலைக் கணிப்பு மாடலில் 9 கி.மீ. கட்டங்கள் கொண்ட வெளிவலையில் மழை வருகிறது, அதற்குள் இருக்கும் 3 கி.மீ. உள்வலையில் பூஜ்யம் என்கிறீர்கள். நீங்கள் வரைந்தது ரெயின்சி (RAINC) என்ற வெளியீடு மட்டும்தானே? அது மேகத்திரள் திட்டம் (கட்டத்தைவிடச் சிறிய இடிமேகங்களைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதி) தரும் மழை. உள்வலையில் அந்தத் திட்டத்தை அணைத்திருக்கிறீர்கள் (நல்லதுதான், அந்த அளவில் இடிமேகத்தை மாடலே ஓரளவு நேரடியாக உருவாக்கிவிடும்), அப்போது பூஜ்யம்தான் வரும். அங்கே பெய்ததெல்லாம் ரெயின்என்சியில் (RAINNC, மாடல் தன் கட்டங்களில் நேரடியாக உருவாக்கும் மழை) இருக்கும். இரண்டையும் கூட்டி வரையுங்கள். இரண்டுமே தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே வரும் மி.மீ. கணக்கு, ஒரு மணி நேர மழை வேண்டுமென்றால் முந்தைய மணியின் அளவைக் கழிக்க வேண்டும்.

அப்புறமும் மழை கூடுதலாகத் தெரிந்தால், நேம்லிஸ்ட்டில் (மாடலின் அமைப்புக் கோப்பு) ஈரப்பத நகர்வுக்கான தெரிவு (moist_adv_opt) 0-ல் இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் சில கட்டங்களில் ஈரம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், மாடல் அதைப் பூஜ்யமாக்கும், இல்லாத தண்ணீர் மழையாகப் பெய்யும். 1 என்று வையுங்கள்.