அக்கிக்கு மாத்திரை எதற்கு என்கிறார் அத்தை

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. முந்தாநாள் வலது மார்புக்குக் கீழே எரிகிறது என்றார். நேற்றுக் காலையில் பார்த்தால் அங்கிருந்து முதுகு வரை பட்டையாகக் கொப்புளங்கள். டாக்டர் அக்கி என்று சொல்லி, அசைக்ளோவிர் 800 மாத்திரையை தினம் ஐந்து வேளை, ஏழு நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். அத்தையோ, "இது அம்மை மாதிரி, மருந்து சாப்பிடக் கூடாது, மாத்திரை சூடு, அக்கி எழுதினால் போதும்" என்கிறார். இரண்டு பக்கமும் சுற்றி வந்து சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என் கணவருக்குப் போன வருடம் உதட்டில் கொப்புளம் வந்தபோது வாங்கிய அசைக்ளோவிர் 400 மாத்திரை கொஞ்சம் மீதி இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? அடுத்த வாரம் என் நாத்தனார் வளைகாப்புக்கு வருகிறாள். அவளுக்கு ஏழு மாதம். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இதழ் வெளிவரும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்த உடனே போனில் கூப்பிட்டு, முதல் மாத்திரையை இப்போதே கொடுங்கள் என்று சொன்னேன். இதே நிலைமையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக, காரணங்களை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் அத்தை சொல்வதில் ஒன்று உண்மைதான். அக்கி சின்னம்மைக்கு உறவு. சிறு வயதில் சின்னம்மை வந்து போனபோது அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடந்தது. வயது, சர்க்கரை, மன உளைச்சல், வேறு நோய் என்று ஏதோ ஒன்றால் எதிர்ப்பு சக்தி குறையும்போது, அது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அந்த நரம்பு முதுகில் தொடங்கி, உடம்பின் ஒரு பக்கமாகவே வந்து, நடுக்கோட்டில் நின்றுவிடும். கொப்புளமும் அதே பாதையில் பட்டையாக வந்து அங்கேயே நிற்கும். சுற்றி வந்து சேர்ந்தால் ஆபத்து என்கிற பயத்தை விட்டுவிடுங்கள். ஆனால் பட்டையைத் தாண்டி உடம்பு முழுக்கக் கொப்புளம் பரவினால் அது வேறு விஷயம். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அப்படி ஆகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, அக்கி தானாகவே ஆறுகிற நோய்தானே, மாத்திரை எதற்கு? இரண்டு முதல் நான்கு வாரத்தில் தோல் ஆறிவிடும் என்பது நிஜம். காவி பூசி அக்கி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். என் கவலை தோலைப் பற்றியது இல்லை, நரம்பைப் பற்றியது. அக்கி ஆறி மாதக்கணக்கான பிறகும் ரவிக்கை போட முடியாமல், முந்தானையை உடம்பில் படாமல் விரல்களால் தூக்கிப் பிடித்தபடி என் முன்னால் வந்து உட்காரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். தோலில் லேசான தழும்பு மட்டும்தான் இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலே துடித்துப் போவார்கள். ராத்திரித் தூக்கம் இருக்காது. இந்த நீடித்த நரம்பு வலி அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆரம்பத்திலேயே வலியும் கொப்புளமும் கடுமையாக இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

மாத்திரை போட்டால் அந்த வலி வரவே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. புதுக் கொப்புளம் வருவது சீக்கிரம் நிற்கும், புண் சீக்கிரம் காயும், இந்த நாட்களின் வலி குறையும். கண் பக்கம் வந்தால் பார்வையைக் காப்பாற்றுவதில் பெரும் பங்கு இந்த மாத்திரைக்கு உண்டு. இவ்வளவும் நிச்சயம் கிடைக்கும்போது 64 வயதில், சர்க்கரையோடு இருப்பவர் அதை வேண்டாம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை. அது பெருகுவதை மட்டும்தான் தடுக்கிறது. வைரஸ் வேகமாகப் பெருகுவது முதல் சில நாட்களில்தான். அதனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பது கணக்கு. எரிச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டாம், கொப்புளம் தெரிந்ததிலிருந்து எண்ணுங்கள். 72 மணி தாண்டிவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது. புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண் பக்கம் வந்திருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்றாலோ, தாமதமாகவும் கொடுப்போம்.

"மாத்திரை சூடு" என்பதற்கு அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். அசைக்ளோவிர் உடம்புக்குள் போகும்போது கிட்டத்தட்ட செயலற்றது. வைரஸ் புகுந்த செல்லில், அந்த வைரஸ் தயாரிக்கும் என்சைம்தான் அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த மருந்து வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதை நிறுத்துகிறது. நல்ல செல்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இந்த மாதிரி மருந்துகளுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியான் என்கிற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். சிலருக்குக் குமட்டல், தலைவலி வரும். அதற்கு மேல் பெரிய தொந்தரவு பொதுவாக இருப்பதில்லை, சிறுநீரகம் சரியாக இருந்தால்.

அந்தக் கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். இந்த மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. பல வருடச் சர்க்கரை இருப்பவருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைச் சமீபத்தில் செய்தீர்களா? செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தாமல், ஓரிரு நாளில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அளவு கூடுதலாக வந்தால் டாக்டர் வேளையைக் குறைப்பார். நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்கு அதுவும் சேர்ந்து சுமை. இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும், போதவில்லை என்றால் டாக்டரே நரம்பு வலிக்கு என்று தனி மாத்திரை தருவார். அத்தை திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, இல்லாததைப் பார்த்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கணவரின் 400 மாத்திரை வேண்டாம். மருந்து ஒன்றுதான், அளவு வேறு. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இந்த மருந்துக்குச் சுலபமாக அடங்கும். அக்கி வைரஸை அடக்க அதைவிடக் கூடுதல் மருந்து வேண்டும். இரண்டு 400 சேர்ந்தால் 800 தானே என்றால், கணக்கு சரிதான். ஆனால் மொத்தம் 35 வேளை, அப்படியானால் 70 மாத்திரை. மிச்சம் மீதியை வைத்து ஆரம்பித்தால் நடுவில் தீர்ந்து போகும். உதட்டுக்குப் பூசுகிற அசைக்ளோவிர் களிம்பும் அக்கிக்கு உதவாது.

ஐந்து வேளை என்பது மலைப்பாகத்தான் இருக்கும். குடிக்கிற மாத்திரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் இத்தனை தடவை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் வேண்டாம். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஐந்து வேளை முடியவே முடியாது என்றால் டாக்டரிடம் வாலசைக்ளோவிர் பற்றிக் கேளுங்கள். உடம்பில் போய் அசைக்ளோவிராகவே மாறுகிற மருந்து அது. 1000 மில்லிகிராம், மூன்று வேளை. விலை கூடுதல். கடையில் நீங்களாக மாற்றி வாங்க வேண்டாம். நான்காம் நாள் கொப்புளம் காய்ந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள், ஏழு நாளும் போகட்டும்.

அக்கி எழுதுவது பற்றி. அத்தையின் மனசுக்கு அது ஆறுதல் தருமானால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மாத்திரை தொடரட்டும். உடைந்த கொப்புளத்தின் மேல் காவியோ, வேப்பிலை மஞ்சளோ, எண்ணெயோ படக் கூடாது, சர்க்கரை உடம்பில் அது சீழ் பிடிக்கும். சுற்றியிருக்கும் நல்ல தோலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குளிக்கலாம். சோப்பு தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி, ஒற்றித் துடைத்தால் போதும். பத்தியம் என்று வெறும் கஞ்சியில் மட்டும் வைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, சாப்பாடு குறைந்தால் மயங்கி விழுவார்.

அத்தைக்கு மார்பில் வந்திருக்கிறது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது நெற்றியிலோ, கண் ஓரத்திலோ, மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். காதில் கொப்புளமும் வாய் ஒரு பக்கம் கோணுவதும் சேர்ந்து வந்தாலும் அதே அவசரம்.

அப்புறம் நாத்தனார். அத்தையிடமிருந்து யாருக்கும் அக்கி ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது நல்லதல்ல. அவளுக்குச் சிறு வயதில் சின்னம்மை வந்தது நிச்சயம் என்றாலோ, இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டிருந்தாலோ, பயம் இல்லை. யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் அவள் பார்க்கும் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிக்கட்டும். இல்லையென்று வந்தால், கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை, பொதுவாக ஏழு முதல் பத்து நாள், அவள் அந்த வீட்டுக்கு வர வேண்டாம். வளைகாப்பைப் பத்து நாள் தள்ளி வைக்கலாம், அல்லது மாப்பிள்ளை வீட்டில் செய்யலாம். ஏற்கெனவே வந்து போயிருந்தால் மறைக்காமல் அவளுடைய டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்கள் பழகுவதற்குக் கொப்புளத்தைத் துணியால் மூடி, அத்தையின் துண்டைத் தனியாக வைத்தால் போதும்.

உங்கள் மாமனாரோ, ஐம்பது தாண்டிய மற்றவர்களோ வீட்டில் இருந்தால், அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்று பெயர், 2023-லிருந்து இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம்தான், முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். அத்தைக்கும் இது முழுதாக ஆறிய பிறகு போடலாம். எப்போது என்பதை ஏழாம் நாள் டாக்டரிடம் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வலி மிச்சம் இருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள், கூட இருந்து நீங்கள் சொல்லுங்கள்.